முப்பத்தொன்று

கொம்பனித்தெருவில் சைபுடீனின் டயர்க்கடை,
அதற்கு மேலே ஒரு அறை.
ரப்பர் மணக்கும். மழை நாளில் இன்னும் கூட.
வியாழன் இரவுகளில் நாங்கள் நாலு பேர்,
மூன்று மொழியிலும் "இல்லை" சொல்லத் தெரிந்தவர்கள்.

ஹோபர்ட் லேன் என்ற சாக்சபோன்காரனை
முதலில் கொண்டுவந்தவர் ரொட்னி ஷொக்மன்.
பஞ்சிகாவத்தையில், காபரேற்றர்களுக்கு நடுவில்,
உறையில்லாமல், நானூறு ரூபாய்க்கு.
பல் வைத்தியர். தட்டின் கீறல்களை
நகத்தால் தடவி ஆழம் சொல்வார்.
"இதைக் கேட்டுவிட்டுக் கதையுங்கள்" என்றார்.
கேட்டோம்.
ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் சபையில்
அதற்கு முதல் அப்படி நடந்ததில்லை.

பிறகு நாலு வருடம் கதைத்தோம்.

சீ.ஆர். கொப்பியில் எழுதியது நான்.
காப்புறுதிக் கம்பனியில் கணக்கு; கையெழுத்து துப்புரவு.
இரண்டாம் பக்கம், மூன்றாம் உருப்படி:
"சுரத்தை ஊதவில்லை, இறக்கி வைக்கிறான்,
நாலு பேர் பெட்டி இறக்குகிற மாதிரி." இது என்னுடையது.
"மனைவியை இழந்தவன்." ரொட்னி. ஆதாரம் எதுவுமில்லை.
"டிரம்ஸ்காரன் பிந்துகிறான்." சைபுடீன்.
"பிந்தவில்லை, காத்திருக்கிறான்." மறுபடி நான்.
இதற்காக ஒரு மாதம் இருவரும் முகம் பார்க்கவில்லை.
தேத்தண்ணி மட்டும் ஒழுங்காக வந்தது,
எனக்குச் சீனி போடாமல்.

இனோகா குறைவாகத்தான் சொல்வாள்.
பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள்,
அதற்கு மேல் ஒருவரிடமும் கேட்டுப் பழக்கமில்லை.
போன வியாழன் கைப்பையிலிருந்து
வெள்ளைப் பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து
சுழல்மேடையின் ஓரத்தில் ஒட்டினாள்.
மணிக்கூட்டைப் பார்த்தபடி, உதடு மட்டும் அசைய,
ஒரு நிமிடம்.
முப்பத்து மூன்றும் கொஞ்சமும் வரவேண்டும்.
"திஸ் எக்க" என்றாள்.
ரொட்னி எண்ணினார். நான் எண்ணினேன்,
ஐந்தொகை உதைக்கும்போது எண்ணுகிற மாதிரி.
முப்பத்தொன்றுதான்.

கீழே நூறு வாகனத்துக்கு ரப்பர் விற்கிறவரின் அறையில்
ஒரு சின்ன பெல்ட் இளகிக் கிடந்திருக்கிறது.
நாலு வருடம்.

புதுப் பெல்ட் மருதானையிலிருந்து வந்தது.
ஊசியை வைத்தோம்.
ஐயோ, அந்த மனிதனுக்கு என்ன அவசரம்!
சம்பள நாளில் படியிறங்குகிறவனைப் போல
இரண்டிரண்டு படியாக.
டிரம்ஸ்காரன் பிந்தவுமில்லை, காத்திருக்கவுமில்லை,
சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறான்.
துக்கம் என்று நாங்கள் கண்டுபிடித்ததில்
பாதிக்கு மேல் ரப்பர்.

ரொட்னி சிரித்து, இருமி,
"அவன் மனைவியை உயிரோடு திருப்பிக் கொடுத்தாயிற்று" என்றார்.
சைபுடீனோ, இது தனக்கு எப்போதோ தெரியும் என்பது போல
துணியால் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கொப்பியைப் புரட்டினேன். எந்த வரியை வெட்ட?

பதினொரு வருடம் எதிர்மேசையில் இருந்த
மங்கையற்கரசியின் முப்பத்தொன்று முடிந்த அன்று
வெள்ளவத்தையில் சாப்பிட்டுக் கைகழுவி
வீட்டுக்குப் போகாமல் இங்கேதான் வந்தேன்.
மூன்றாம் உருப்படியை இருதரம் போடச் சொன்னேன்.
போட்டார்கள்.
அந்தத் திகதிக்கு நேரே ஒன்றும் எழுதியில்லை.
அன்றைக்கு அது ஓடிய வேகம் பிழை என்று
இப்போது தெரியும்.
தெரிந்து என்ன, அந்த வேகம்தான் எனக்குக் கணக்காக இருந்தது.

இனோகா பழைய பெல்ட்டைச் சுருட்டி
அதே பிளாஸ்டரால் அந்தப் பக்கத்தில் ஒட்டினாள்.
மூச்சைப் பிடி என்றும் சொல்லவில்லை,
விடு என்றும் சொல்லவில்லை.

அலுமாரியில் இருநூற்றுப் பதினாறு தட்டுகள்.
எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கவேண்டும்.
எதை முதலில் என்று
ரொட்னியும் சைபுடீனும் ஏற்கனவே தொடங்கிவிட்டார்கள்.
நான் புதுக் கொப்பி வாங்கவேண்டும்.
இந்த முறை நூற்றறுபது பக்கம் போதாது.